தேனீயா, பாம்பா

எங்கள் கட்டடத்தில் யார் எப்போது எதற்காகப் படியிறங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக நான் ஒன்றும் மெனக்கெடுவதில்லை. நான் உட்காரும் சலவைக்கடை கீழ்த்தளத்தில் இருக்கிறது. கடைக்கண்ணாடி மாடிப்படியைப் பார்த்து இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டா வியாபாரம் பார்க்க முடியும்? போதாததற்குத் துணிகள் வேறு பேசும். யார் வீட்டில் இந்த வாரம் சண்டை, யார் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார், எல்லாம் காலரிலும் பாக்கெட்டிலும் எழுதியிருக்கும். நான் யாரையும் எதுவும் கேட்பதில்லை. துணியை வாங்கி, உதறி, எண் சீட்டைக் குத்தி உள்ளே அனுப்புகிறேன். நான் பேசாமல் இருக்கும் அந்த அரை நிமிஷத்தில் மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்தரைக்கு மூன்றாம் மாடி நூல்கண்டு இறங்கி வந்தாள்.

உடம்பில் எங்கேயாவது ஒரு நூல் ஒட்டிக்கொண்டில்லாமல் அவளை நான் பார்த்ததே கிடையாது. பெயர் அப்படி வந்தது. வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறாள். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, அறுந்த பொத்தான் தைப்பது என்று எங்கள் கடை வேலையில் பாதி அவள் கையால்தான் நடக்கிறது. புருஷன் கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில், கோழிப்பண்ணையில். ஆள் நல்ல உயரம். சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எங்கள் கடை வாசலில் குனிந்துதான் நுழைவான். அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

அவனுடைய கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்திருந்தாள். அவனிடம் இருப்பது அந்த ஒரே கோட்டுதான். மேஜைமேல் வைத்தவள் கையை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கோட்டின் மேலேயே அழுத்திக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இதை வெள்ளிக்கிழமைக்குள்ள பண்ணிக் குடுங்க. அவருக்கு உடம்பு சரியில்லையாம். காய்ச்சல்ல வந்தா குளிருமில்ல."

விஷயம் இதுதான். ஒன்பதரை மணிக்குப் பண்ணை ஆபீஸிலிருந்து போன் வந்திருக்கிறது. பேசியது ஒரு ஆள். இங்கிலீஷ். அவசர அவசரமாக ஒரு நிமிஷம் பேசிவிட்டு வைத்துவிட்டான். லைன் வேறு கரகர. நூல்கண்டுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சட்டை லேபிளில் இருப்பதுதான்: எஸ், எம், எல், எக்ஸெல். ஆனாலும் கெட்டிக்காரி. காதில் விழுந்த வார்த்தைகளை விழுந்தபடியே, காலருக்குள் வைக்கிற அட்டையில், துணி சாக்பீஸால், நம் எழுத்தில் எழுதிவைத்திருந்தாள். அட்டையை என் பக்கம் திருப்பினாள்.

சாரி. ஹஸ்பெண்டு. டிசீஸ்டு. ஹோம். ஃப்ரைடே. மெயில்.

மற்றதெல்லாம் அவளுக்கே புரிந்திருந்தது. நடுவில் இருந்ததைத்தான் விரலால் தொட்டு, என்ன அர்த்தம் என்று கேட்டாள். தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. டிசீஸ் என்றால் வியாதி, இதுகூடவா தெரியாது, ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் எழுதிப்போட்டிருக்கிறானே என்று சொன்னேன். அவளும் அப்படித்தான் நினைத்தாளாம். என்ன வியாதி என்பதை போனில் சொல்லமாட்டார்கள், மெயிலில் வரும் என்றும் சொல்லிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுகிறவன் இந்த ஞாயிறு கூப்பிடவில்லையாம். அவன் போன் அணைந்தே கிடக்கிறதாம். சார்ஜர் கெட்டிருக்கும் என்று இவள் இரண்டு நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோட்டில் சீட்டைக் குத்தினேன். 'எப்போது தேவை' என்ற இடத்தில் வெள்ளி என்று எழுதினேன். அட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டு, அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். இருபத்தெட்டு வயசுப் பெண்.

நான் அதை ஒருத்தரிடம்தான் சொன்னேன். இரண்டாம் மாடி ரேடியோவிடம். அந்தப் பெயரே போதும், ஆள் யாரென்று நான் விளக்க வேண்டியதில்லை. மத்தியானத்துக்குள் கட்டடத்துக்குள்ளே ஒட்டடைக்குச்சிக்கு நான்கு வியாதி வந்துவிட்டது. முதல் மாடியில் நுரையீரல். இரண்டாம் மாடியில் கல்லீரல். அதே மாடி எதிர்வீட்டில் மூளைக்காய்ச்சல். நான்காம் மாடிக்காரர் அது கோழியிடமிருந்து மனுஷனுக்குத் தாவுகிற வியாதி என்று சொல்லி, படிக்கட்டுக் கம்பியை ஏதோ மருந்து போட்டுத் துடைத்துவிட்டார். ஆள் இன்னும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான், கம்பி என்ன பாவம் செய்தது என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு வேகமாகச் சேதி பரவியதில் எனக்குள்ளே ஒரு பெருமை. பொய் சொல்வானேன்.

ஆனால் பெயர் சரியாகத் தெரியாமல் வியாதியைப் பரப்புவது எனக்குப் பிடிக்காது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் அட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரை மாத்திரை சார் என்போம். டாக்டர் கிறுக்கலையே படிக்கிற மனுஷன். இங்கிலீஷில் அவரை அடிச்சுக்க இந்தத் தெருவில் ஆள் கிடையாது. அதை அவரே சொல்லுவார். சும்மா கேட்டால் நன்றாக இருக்காது என்று ஒரு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கு என்னென்ன வியாதி வரும் என்று விசாரித்தேன்.

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"டிசீஸ்னா வியாதி, சரி. இந்த 'டு' எங்கேருந்து வந்துச்சு?"

நம் ஆட்கள் எதிலும் ஒரு வாலை ஒட்டுவார்கள், பஸ்ஸு, காரு, லைட்டு மாதிரி இதுவும் இருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சாதாரணமாக நான் இப்படி ஏதாவது சொன்னால் கல்லாவைத் தட்டிச் சிரிப்பார். இங்கிலீஷ் பேசுகிறவன் மனுஷனுக்கு உடம்பு சரியில்லை என்றால் சிக் என்பானாம். இல்லாவிட்டால் இல் என்பானாம். மரம் பட்டுப்போனால், கோழி துவண்டு விழுந்தால், ஈரல் கெட்டுப்போனால்தான் டிசீஸ்டு என்பானாம். உங்கள் புருஷன் டிசீஸ்டு என்று ஒரு பொம்பளையைக் கூப்பிட்டு எந்த ஆபீஸிலும் சொல்லமாட்டானாம்.

அப்போ என்ன சொல்லியிருப்பான் என்று கேட்டேன். கேட்கும்போதே கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது.

அவர் ஒரு மாத்திரைக் கவரை எடுத்து அதன்மேல் இரண்டு வார்த்தையை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினார். இரண்டிலும் எட்டு எழுத்து. ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மேலே இருப்பது வியாதி பிடித்தது என்றார். கீழே இருப்பதைப் பேனாவால் தட்டினார், வாயால் சொல்லவில்லை. நான் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்ததால் கடைசியில் குரலைத் தாழ்த்தி, செத்துப்போனது என்றார்.

"ரெண்டையும் நம்ம எழுத்துல எழுதினா ஒண்ணேதான்மா. டிசீஸ்டு."

கையில் இருந்த மாத்திரை அட்டை என் விரலுக்குள்ளே நொறுங்கியது. வாங்கினதற்கு அப்படியாவது ஒரு உபயோகம்.

சத்தத்தில் வித்தியாசம் உண்டாம். நடுவில் வருகிற அந்த 'ஸ்' தேனீ மாதிரி ரீங்காரமாக வந்தால் வியாதி. பாம்பு மாதிரிச் சீறினால் சாவு. பல்லைக் கடித்துக்கொண்டு அவரே செய்து காட்டினார், முதலில் தேனீ, அப்புறம் பாம்பு. இருமல் மருந்து வாங்க எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார். சத்தத்தில் பிடிபடாவிட்டால் எழுத்தில் பிடிக்கலாம் என்றார். இரண்டாவது எழுத்தும் மூன்றாவது எழுத்தும் ஐ, எஸ் என்று இருக்க வேண்டும். சேர்த்துப் படித்தால் இஸ். இஸ் என்றால் இருக்கிறது என்று அர்த்தம். "இஸ் இருந்தா ஆள் இருக்காரு." மற்றதில் அந்த இடத்தில் இ, சி.

"போன்ல கேட்ட பொண்ணுக்குத் தேனீயா பாம்பான்னு தெரிஞ்சிருக்காதா சார்?"

"நம்ம வாயில தேனீயே கிடையாதும்மா. நமக்கு எல்லாமே பாம்புதான். கேக்கறப்பவும் அப்படித்தான் கேக்கும்."

பிறகு அட்டையின் முதல் வார்த்தையைக் காட்டி, அந்த ஆள் எதற்குச் சாரி சொன்னான் என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. யாரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். தினமும் பத்துப்பேர் என்னிடம் சொல்கிற வார்த்தை அது. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்கிறார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வார்த்தை மீன்முள் மாதிரித் தொண்டையில் மாட்டியது.

கடைக்குத் திரும்பும் வழியில்தான் மெயில் ஞாபகம் வந்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒட்டடைக்குச்சி வேலைக்கு மனு போட்டபோது படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அவர்கள் வீட்டில் மெயில் கிடையாது என்பதால், அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய இடத்தில் எங்கள் சலவைக்கடை மெயிலைப் போட்டிருந்தேன். அதாவது, அந்தச் சேதி எந்த எழுத்தில் வந்தாலும் என் மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டருக்குத்தான் வரும். ஊரிலுள்ள சேதியெல்லாம் முதலில் எனக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். வந்து சேரட்டும்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தேன். ஒரு கம்பளிக்காரர் வந்தார், எண் சீட்டை மாற்றிக் குத்தினேன். ஒரு அம்மா வெள்ளைச் சட்டையில் மைக்கறை என்று காட்டினாள், காப்பிக்கறை என்று எழுதினேன். பின்னால் நீராவிப் பெட்டி புஸ்ஸென்று சீறும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினொரு வருஷமாகக் கேட்கிற சத்தம். அன்றைக்குத்தான் அது பாம்பு என்று தெரிந்தது.

ஒட்டடைக்குச்சியின் கோட்டு வெளுத்து வந்து, பாலிதீன் உறைக்குள்ளே எனக்குப் பின்னால் தொங்கியது. சலவைக்கடையில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரே ஒரு கறுப்புக் கோட்டை அவசரமாகக் கொண்டுவந்து வெளுக்கச் சொன்னால் இரண்டே காரியத்துக்குத்தான். ஒன்று கல்யாணம். நான் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மணிக்கு ரேடியோ வந்தாள். வேறு ஏதாவது சேதி உண்டா என்றாள். ஒண்ணுமில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கணக்கே இல்லாத பில் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் முகம் மெதுவாக மாறியது. என் வாயிலிருந்து ஒண்ணுமில்லை என்ற வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. ஒன்றும் பேசாமல் படியேறிப் போனாள். நான் பேசினால் நான்கு வியாதியோடு நின்றிருக்கும். நான் பேசாததில் மூன்று மணிக்குள் கட்டடத்துக்கே எல்லாம் தெரிந்துவிட்டது. முதல் மாடியில் டீவியைக் குறைத்தார்கள். இரண்டாம் மாடியில் அணைத்தே விட்டார்கள். தடதடவென்று இறங்குகிற நான்காம் மாடிக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மேலே தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

என்னால் உட்கார முடியவில்லை. கோட்டின் உள்பாக்கெட்டில் ஒரு உபரிப் பொத்தான், சின்னப் பொட்டலத்தில் இருந்தது. பாக்கெட்டில் எது கிடைத்தாலும் உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது கடை விதி. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

அவள் வீட்டையே மாற்றியிருந்தாள். மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருந்தாள். அவன் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று கால்மாட்டில் ஒரு முக்காலி, அதன்மேல் மடித்த போர்வை. தலைமாட்டில் தண்ணீர் ஜக்கு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. கரண்டி எதற்கு என்றேன். எழுந்திருக்க முடியாவிட்டால் டம்ளரில் தட்டிக் கூப்பிடுவார் என்றாள். மெஷின் ஓடினாலும் கேட்கிறதா என்று தட்டிப் பார்த்தாளாம். கேட்கிறதாம்.

நான் பொத்தானைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை.

"காலையில அந்த ஆள் டிசீஸ்டுன்னு சொன்னானே, அது தேனீ மாதிரி இருந்துச்சா, பாம்பு மாதிரி இருந்துச்சா?"

இரண்டையும் செய்து காட்டினேன். நல்ல வீட்டுப் பொம்பளை செய்கிற காரியமா அது. அவள் என்னையே பார்த்தாள்.

"பின்னாடி கோழிச் சத்தம்தான்க்கா கேட்டுச்சு."

பிறகு இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். செய்தேன். பாம்பு வரவேண்டிய இடத்திலும் தேனீயையே செய்தேன், வேண்டுமென்றே. இரண்டும் வேறு வேறு வியாதியா என்று கேட்டாள். ஆமாம், ஒன்று லேசானது, ஒன்று கொஞ்சம் பெரியது என்றேன். மெயிலில் எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், தலையில் புள்ளி வைத்த குச்சி மாதிரி ஐயும், அவளுக்குத் தெரிந்த எஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பயமே இல்லை என்று ஆறுதல் சொன்னேன். அத்தோடு நிறுத்தினேனா. "இஸ்னா இருக்குன்னு அர்த்தம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் கரண்டியை எடுத்து டம்ளருக்குள் போட்டாள். பிறகு வெளியே எடுத்து, பக்கத்தில் நேராக வைத்தாள்.

நாலு இருபதுக்கு மெயில் வந்தது.

கோழிப்பண்ணைப் பெயர், அவன் எண், அவன் பெயர். நான்கே வரி. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். வெள்ளிக்கிழமை விமானத்தில் அனுப்பி வைக்கிறோம். பெற்றுக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யவும். இதெல்லாம் ஆளுக்கும் எழுதலாம், பெட்டிக்கும் எழுதலாம். நடுவில் அந்த வார்த்தை. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினேன். டி. இ. சி. இ. மேலே நகர்த்த விரல் வரவில்லை. மாத்திரைக் கவரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கீழ்வரிசைப் பிள்ளைதான். அச்சு அசல்.

அழுகைகூட வரவில்லை. முக்காலி போட்டுவிட்டாளே, கரண்டி வைத்துவிட்டாளே என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். இந்தக் கட்டடத்தில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் சொல்கிறவள் நான். வாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் வந்தது.

நிமிர்ந்தபோது அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்திருந்தாள். தோளில் ஒரு வெள்ளை நூல்.

வந்ததா என்று கேட்டாள். கம்ப்யூட்டரைத் திருப்பமாட்டேன் என்று பிடித்துக்கொண்டேன். மெல்ல என் கையை எடுத்துவிட்டுத் தானே திருப்பினாள். துணியில் ஓட்டை தேடுகிற மாதிரி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், வரிவரியாகப் பார்த்தாள். பிறகு ஊசிக்குத்து நிறைந்த அந்த விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இதோ இருக்கே அக்கா. தலையில புள்ளி வச்ச குச்சி, பக்கத்துல சின்ன சைஸ் எஸ். இஸ்."

இருந்தது. அந்த வார்த்தைக்குள் இல்லை. அதற்கு முன்னால், தனியாக, சின்னதாக. இவர் இன்ன மாதிரி இருக்கிறார் என்று எழுத எந்த ஆபீஸ்காரனும் போடுகிற இஸ். செத்தவனுக்கும் அதையேதான் போடுவான். அதை நான் எப்படிச் சொல்ல? ஆமாம்மா, இருக்கு என்றேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. மெயிலின் அடியில் போன் நம்பர் இருக்கிறதே, போடுங்கள் என்றாள்.

போட்டேன். கடைசி எண்ணை வேண்டுமென்றே மாற்றிப் போட்டேன். நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது அதுதான். மற்றவை பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அப்படி ஒரு நம்பர் இல்லை என்று மெஷின் குரல் சொன்னது. லைன் சரியில்லை என்றேன்.

"கடைசியில ஏழு. நீங்க ஒண்ணை அழுத்தினீங்க. நான் நாள் முழுக்க டேப்புல நம்பரைப் பாக்கறவ அக்கா."

தானே அழுத்தினாள். ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள். மணி அடித்தது. நான்கு முறை, ஐந்து முறை. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு ஆள் எடுத்தான். பின்னால் உண்மையாகவே ஆயிரம் கோழி கத்தியது.

அவள் மெயிலில் இருந்த அவன் வேலை எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு எச்சிலை விழுங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்ததையெல்லாம் திரட்டிக் கேட்டாள்.

"மை ஹஸ்பெண்டு. ஈட்டிங்?"

அந்த ஆள் பேசவில்லை. கோழிகள் பேசின. செத்துப்போனவன் சாப்பிடுகிறானா என்று ஒரு பொம்பளை கேட்கிறாளே, இவளுக்கு என்ன பதில் சொல்வது என்று அவன் திகைப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. போனைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்று கை நீட்டினேன்.

"ஈட்டிங்?" என்றான் அவன். ஏதோ காகிதம் புரட்டும் சத்தம். "எஸ், எஸ். ஈட்டிங். லிட்டில் லிட்டில். சூப்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

அவன் இன்னும் ஏதேதோ சொன்னான். நான் காதைக் கொடுத்துப் பொறுக்கினேன். பண்ணைத் தூசி, லங்ஸ், மூன்று நாளாக ஆஸ்பத்திரி, போனை உடைகளோடு வாங்கி வைத்துவிட்டார்கள், இனி இந்த வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விமானம். கடைசியில் மனசார வருத்தப்பட்டான். "சாரி, மேடம். டிசீஸ்டு. வெரி டிசீஸ்டு."

பாம்புதான். கலப்படமில்லாத பாம்பு. அவன் எந்த ஊர்க்காரனோ, அவன் வாயிலும் தேனீ கிடையாது. காதால் கேட்டதை அப்படியே எழுத்துக்கூட்டி, இரண்டே எழுத்தில் ஒரு மனுஷனைக் கொன்று மெயிலில் அனுப்பிவிட்டான். காலையில் அவன் வாயில் வந்தது என்ன என்று நான் இவளைத் தேனீ பாம்பு வேஷம் போட்டுக் கேட்டது நினைவுக்கு வந்தது. இவள் காது துல்லியமாக இருந்திருந்தால் நான் மத்தியானமே அழுதிருப்பேன்.

அவள் நன்றி சொல்லி போனை வைத்தாள். நான் அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். யார் வீட்டுப் படுக்கை விரிப்போ.

"மூணு மணிக்கு மெஷினை நிறுத்தினேன்க்கா," என்றாள் அவள். "கட்டடத்துல ஒரு டீவி சத்தம் இல்லை. ரேடியோ அக்கா வந்து கதவைத் தட்டிட்டு, ஒண்ணுமே கேக்காம போயிட்டாங்க. அப்புறம் நீங்க வந்து இஸ்னா இருக்குன்னு அர்த்தம்னீங்க. எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது."

தெரிந்துகொண்டே வந்தவள் உயிரோடு இருக்கிறாரா என்று நேராகக் கேட்டிருக்கலாமே என்றேன்.

"அதைக் கேட்டா அதுக்குப் பதில் வந்துடுமே. சாப்பிடறாரான்னு கேட்டா, இல்லைன்னு வந்தாலும் பசியில்லைன்னு நினைச்சுக்கலாம்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அந்த வெள்ளை நூலை எடுத்துப் போட்டேன்.

வாசலில் ரேடியோ வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் முதல் மாடி, அதற்குப் பின்னால் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான்காம் மாடி. எல்லோர் முகத்திலும் துக்கம் விசாரிக்க வந்த தோரணை. நூல்கண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சீக்குதான்," என்றாள். "அவருக்குச் சீக்குதான்க்கா." லாட்டரி விழுந்த சேதி மாதிரிச் சொன்னாள். ரேடியோவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கட்டடத்தில் ஒரு சேதி அவளுக்கும் முன்னால் முடிந்துபோனது அதுதான் முதல் தடவை. முதல் மாடிக்காரி மட்டும், நுரையீரல் என்று தான் அப்போதே சொன்னதை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினாள்.

அவர்கள் போனபின் நூல்கண்டு என்னிடம் திரும்பினாள். லங்ஸ் என்றால் என்ன என்று கேட்டாள். முகத்தில் வெளிச்சம் இன்னும் போகவில்லை, ஆனால் கேட்ட குரல் காலையில் வந்த அதே குரல். லங்ஸ் எனக்குத் தெரியும். வெரி என்றால் என்ன என்றும் தெரியும். காலையாக இருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன்.

"மாத்திரை சார்கிட்ட ரெண்டு பேருமா போய்க் கேப்போம்," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, உறையைக் கழற்றிக் கோட்டை மேஜைமேல் விரித்தாள். நடுப்பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டு விரல் அளந்து உள்ளே தள்ளி வைத்துப் பார்த்தாள். அங்கேயே கொஞ்சம் யோசித்து மூன்று விரலாக்கினாள். சூப்தானே குடிக்கிறார், இளைத்திருப்பார் என்றாள். ஏற்கெனவே ஒட்டடைக்குச்சி, இன்னும் இளைத்தால் மிஞ்சுவது என்ன என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நான்கு விரலில் நின்றாள். என் டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து நூலைக் கோத்தவள், உடனே அதை உருவிவிட்டு ஒரு குண்டூசி கேட்டாள்.

"தைக்க வேணாம்க்கா. வந்ததும் நிக்க வச்சுப் பார்த்துத் தச்சுக்கறேன்."

கொடுத்தேன். நாள் முழுக்க ஊசி பிடிக்கிறவள், இரண்டு தடவை குறி தப்பி விரலில் குத்திக்கொண்டாள்.